வண்டி முனியின் சொந்த ஊர்

நசரத்பேட்டையில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் வண்டி முனி உட்கார்ந்திருந்த காலம் வரைக்கும், அவருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போன எந்த லாரியும் வாலாஜாபேட்டைக்கு இந்தப் பக்கம் பஞ்சர் ஆனதில்லை. பஞ்சர் ஆனவை எல்லாம் பழம் வைக்காமல் போனவை. இதற்கு ஆதாரம் கேட்டவர்களும் உண்டு. அவர்கள் வண்டி ஸ்ரீபெரும்புதூரையே தாண்டவில்லை.

முனி பாதி மண்ணுக்குள்ளும் பாதி மண்ணுக்கு வெளியிலுமாக இடுப்பளவு உயரத்தில் இருந்தார். கல் இல்லை, இரும்பு. எண்ணெய் குடித்துக் குடித்து யானைத் தோல் மாதிரி கறுத்துப்போன இரும்பு. முன்பக்கம் இரண்டு பொந்துகள் இருந்தன. அவற்றின் மேல் வெள்ளிக் கண்மலர் பதித்து, கீழே பெயிண்டால் முறுக்கு மீசை வரைந்து, இடுப்பில் சிவப்பு வேட்டி கட்டி, கழுத்து என்று தோன்றிய இடத்தில் எலுமிச்சை மாலை போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே தகரக் கூரை.

புது வண்டி வாங்குபவர்கள் ஷோரூமிலிருந்து நேரே இங்கேதான் வருவார்கள். ஷேர் ஆட்டோ, தண்ணி லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் வந்தன. பிறகு தையல் மெஷின் வந்தது, கிரைண்டர் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஆட்கள் லேப்டாப்பைக் கொண்டுவந்து திருநீறு வாங்கிப் போனார்கள். ஒரு ஆடி மாதம் அபிஷேகத்துக்கு நல்லெண்ணெய்க் கேன் என்று நினைத்து யாரோ பெட்ரோல் கேனைக் கவிழ்த்துவிட்டார்கள். அன்றைக்கு முனி ஒரு தும்மல் தும்மி நாலு விரற்கடை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பார்த்தவர்கள் இன்னும் பூந்தமல்லியில் உயிரோடு இருக்கிறார்கள். நகர்ந்தது மூன்று விரற்கடைதான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் விரலைப் பொறுத்தது.

கோயிலைப் பார்த்துக்கொண்டவள் ஜெகதாம்பாள். அவளுடைய மாமனார் காலத்தில் முனி பூமியிலிருந்து தானாகக் கிளம்பி வந்தார் என்பது அவளுக்குச் சொல்லப்பட்ட சேதி. அதை அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. காலையில் வந்து விளக்கேற்றுவாள், பழம் நறுக்குவாள், சக்கரத்தடியில் வைப்பாள், நசுங்கியதும் பெருக்கித் தள்ளுவாள்.

அவள் பக்கத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில், வேலுசாமி.

வேலுசாமிக்குப் பூர்வீகம் ஆத்தூர்ப் பக்கம். இருபது வயதில் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் சேர்ந்து, டேங்க் உருள்கிற சங்கிலியைக் கோக்கிற பிரிவிலேயே உத்தியோகம் பார்த்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்த வருஷமே மனைவி பார்வதம் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு நசரத்பேட்டையில் மகன் வெங்கட்டின் ஃபிளாட்டில் வாசம். மகனும் மருமகள் தீபிகாவும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். கிழவர் வாயைத் திறந்தால் ஒரு அறையிலிருந்து வெங்கட்டும் இன்னொரு அறையிலிருந்து தீபிகாவும் ஒரே சமயத்தில் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே அவர் காலைச் சாப்பாடு முடிந்ததும் பேச்சைத் தூக்கிக்கொண்டு முனி கோயிலுக்கு வந்துவிடுவார்.

பேச்சுக்கு அவரிடம் பஞ்சமில்லை. ஆவடி ஏரியில் டேங்கை இறக்கி ஓட்டிப் பார்த்தபோது பீரங்கிக் குழாய் வழியாகக் கெண்டை மீன் ஏறி வந்து, மறுநாள் குண்டு சுடும்போது எதிர்க்கரையில் பொரித்த மீனாகவே விழுந்த கதை. பிரேக் பிடிக்காத டேங்கைப் பட்டாபிராம் கேட்டில் ஒரு எருமை முறைத்தே நிறுத்திய கதை. ஜெகதாம்பாள் அவற்றில் ஒன்றையும் நம்பியதில்லை. பழம் நறுக்கிக்கொண்டே “அப்பறம்?” என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே கிழவர் வெயிலில் நடந்து வந்தார் என்று சொன்னால் அது பொய்யாகாது. செவ்வாயும் வெள்ளியும் முனிக்கு எண்ணெய் தடவுகிற பொறுப்பையும் அவள் அவருக்குக் கொடுத்திருந்தாள். தடவும்போது வரிசை வரிசையாகத் தட்டுப்படும் குமிழ்கள் ரிவெட் என்று அவர் கைக்கு எப்போதோ தெரியும். கை அதை வாயிடம் சொல்லவில்லை. அதனால் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் மழைநீர் வடிகாலுக்கும் ரோட்டை அகலப்படுத்தவும் ஆள் வந்தார்கள். வரைபடத்தில் வடிகால் நேர்கோடாக வந்து முனியின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே போனது. இன்ஜினியராக வந்திருந்த ரோஷினி என்ற பெண் தஞ்சாவூர்க்காரி, மரியாதை தெரிந்தவள். ஜெகதாம்பாளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். ஜெகதாம்பாள் ஜே.சி.பி. ஓட்டுகிற ஞானசேகரனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஞானசேகரன் வண்டியிலிருந்து இறங்கிவிட்டான். தினமும் காலையில் அந்த ஜே.சி.பி.யின் சக்கரத்துக்குப் பழம் வைப்பதே இந்த முனியிடம்தான். மலையைக் குடையச் சொன்னாலும் குடைவதாகவும், முனி மேல் வாளியை வைக்க முடியாதென்றும், தனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருப்பதாகவும் சொன்னான். வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். அவன் முனியைப் பார்த்ததும் வயிற்றுவலி என்று போய்விட்டான். மூன்றாவதாக வந்தவனுக்கு வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை. ரோஷினி மேலிடத்தோடு பேசினாள். வடிகாலை இரண்டடி வளைத்துக்கொண்டு போய்விடலாமா என்று அங்கேயும் யோசனை நடந்தது. இந்த ஊரில் கோயிலைக் கண்டு வளையாத ரோடு எது?

ஆக, சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் முனிக்கு இடப்பக்கம் ஞானசேகரன் ஏற்கெனவே ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தான். அன்றுவரை மண்ணுக்குள் இருந்த முனியின் விலா அந்தப் பள்ளத்தில் வெளியே தெரிந்தது.

அந்த வாரம் விஷ்ணு புதுக் கார் எடுத்துக்கொண்டு வந்தான். வெங்கட்டின் குடியிருப்பில் எதிர் பிளாக்கில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஜெகதாம்பாள் நாலு டயருக்கும் பழம் வைத்துச் சூடம் காட்டினாள். வண்டியை எடு என்றாள். அவன் எடுக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில், புதுப் பேன்ட்டோடு, சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். இந்தக் காலத்துப் பையனுக்கு இவ்வளவு பக்தியா என்று ஜெகதாம்பாள் பூரித்துப்போனாள்.

“ஐயா, இதுக்குக் கீழ செயின் இருக்குதுங்களா?” என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

வேலுசாமியால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும், அதைச் செயின் என்று சொன்னால் மட்டும் முடியாது. “ட்ராக்குன்னு சொல்லுங்க தம்பி” என்றார்.

கை வாயிடம் சொல்லிவிட்டது.

அன்று மாலை வேலுசாமி விஷ்ணுவின் ஃபிளாட்டில் இருந்தார். மற்ற வீடுகளில் சாமி அலமாரி இருக்கும் இடத்தில் அங்கே ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே கட்டைவிரல் பெரிசுக்கு வண்டிகள், பிளாஸ்டிக்கில் பசை தடவி ஒட்டி, மயிரிழைத் தூரிகையால் வர்ணம் பூசியவை. எல்லாம் இத்தாலிக்காரர்கள் முதல் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் ஓட்டியவை. முள்கம்பியை அறுத்துக்கொண்டு போவதற்காக மூஞ்சியிலிருந்து தலைவரைக்கும் இரும்புத் தண்டவாளம் மாட்டிய லான்சியா கவசக் கார். பிரெஞ்சுக்காரனைப் பார்த்துச் செய்த ஃபியட் மூவாயிரம் டேங்க். பவேசி என்று ஒரு பீரங்கி இழுக்கிற வண்டி. அதற்கு ஆளுயரச் சக்கரம் நாலு, திரும்ப வேண்டுமென்றால் சக்கரம் திரும்பாது, பரதநாட்டியக்காரி மாதிரி நடு இடுப்பே ஒடிந்து திரும்பும். கடைசியாக மூலையில், தலையே இல்லாமல், தவளை மாதிரி ஒன்று.

“இதுதானுங்க நம்ம முனி” என்றான் விஷ்ணு. “சி.வி. முப்பத்து மூணு.”

வேலுசாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நிஜத்திலேயே இதன் எடை மூன்று டன் சொச்சம்தானாம். ஆவடியில் அவர் கோத்த சங்கிலிகளில் ஒரு ஜோடியைத் தராசில் வைத்தால் இந்த முழு வண்டியும் மறுதட்டில் நிற்கும். சுழலும் தலை கிடையாது. துப்பாக்கி முன்னால் மட்டும்தான் பார்க்கும். உள்ளே இரண்டு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அபிசீனியாவில், இப்போதைய எத்தியோப்பியாவில், அந்த நாட்டுக்காரர்கள் பின்பக்கமாக வந்து மேலே ஏறி, துப்பாக்கிக் குழாயைக் கையாலேயே வளைத்துவிட்டு, நெருப்பு வைத்தார்களாம். இத்தாலிச் சிப்பாய்களே அதற்கு மத்தி மீன் டப்பா என்று பேர் வைத்திருந்தார்களாம்.

எங்கேயிருந்தோ நசரத்பேட்டைக்கு எப்படி வந்தது என்பதற்கு விஷ்ணுவிடம் யூகம்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்காவில் இத்தாலிக்காரர்களிடமிருந்து பிடித்ததை நம் பட்டாளத்து ஆட்கள் கப்பலேற்றி மெட்ராஸுக்குக் கொண்டுவந்திருக்கலாம். பெங்களூருக்கு இழுத்துப் போகும்போது மழையில் சேற்றில் இறங்கியிருக்கலாம். எடுக்க மறுபடி வருவோம் என்று போனவர்கள் போனவர்கள்தான்.

வேலுசாமி அன்று தன் கதைகளையும் சொன்னார். கெண்டை மீன், எருமை எல்லாவற்றையும். விஷ்ணு ஒவ்வொன்றையும் நம்பினான். எந்த மாடல், எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்டான். கிழவர் வீட்டுக்குத் திரும்பும்போது கால் தரையில் படவில்லை. லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினார்.

மறுநாள் ஜெகதாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவருக்குள் அதற்குள் ஒரு திட்டம் முளைத்திருந்தது. இது எவ்வளவு அபூர்வமான பொருள் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால், சர்க்காரே வந்து வேலி போட்டுக் காக்கும், வடிகால்காரன் கிட்டேயே வர முடியாது. அவளுடைய இடம் அவளுக்கு. அதோடு சேர்ந்து அவருடைய ஸ்டூலும் அவருக்கு.

“அவுரு இத்தாலியோ ஈரோடோ, நமக்கு இன்னா அண்ணாத்தே” என்றாள் ஜெகதாம்பாள். “நான் உன்னாண்ட என்னிக்கானா சொந்த ஊர் கேட்டனா?”

“ஆதாரம்னு ஒண்ணு இருந்தா யாரும் கை வைக்க மாட்டாங்க, ஜெகதாம்மா.”

“இப்ப மட்டும் எவன் கை வெச்சான்?”

பதில் இல்லாத கேள்வியை மனுஷன் மறந்துவிடுவது வழக்கம். அவரும் மறந்தார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. முனி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று ஜெகதாம்பாள் திருத்தணிக்கு முடி வேண்டியிருந்தாள். நாகம்மா என்கிற நாத்தனாரோடு பஸ் ஏறும்போது, தெப்பம் பார்த்துக் கடைசி நாள் முடி கொடுத்துவிட்டுத்தான் வருவதாகவும், அதுவரை விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளும்படியும் வேலுசாமியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவர் விளக்கை அணையாமல்தான் பார்த்துக்கொண்டார். பத்திரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மண்ணெண்ணெய்க் கேனைத் திறந்தார்.

விஷ்ணு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். இரண்டு பேரும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்கள். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டி கட்டியாக விழுந்தது. அதற்கு அடியில் மஞ்சள், அதற்கு அடியில் சந்தனம், அதற்கும் அடியில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசிய எனாமல் பெயிண்ட், பலாப்பழத் தோல் கனத்துக்கு. மீசை போயிற்று. கண்மலர்களை வேலுசாமி மரியாதையாகக் கழற்றிப் பேப்பரில் மடித்து வைத்தார். வலது கண்ணுக்குப் பின்னால் ஓட்டுபவன் வெளியே பார்க்கிற துளை. இடது கண்ணுக்குப் பின்னால் துப்பாக்கி இருந்த ஓட்டை. எல்லாவற்றுக்கும் கீழே, மணல் நிறத்தில் பச்சைத் திட்டுத் திட்டாக, நேற்றுத்தான் பூசியது மாதிரி பழைய வர்ணம். தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய் ஒரு பொட்டுத் துருவை உள்ளே விடவில்லை.

மேல் மூடியை நெம்பித் திறந்தபோது, வேலுசாமிதான் முதலில் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு இருக்கைகள். அணில் கூடு. எப்போதோ உருண்டு விழுந்த பழத்திலிருந்து முளைத்த வெளிறிய எலுமிச்சைச் செடி ஒன்று, துளை வழியாக இலையை வெளியே நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு. அதில் இத்தாலிய எழுத்து, ஒரு நம்பர்.

விஷ்ணு படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டான். சாயங்காலத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. மறுநாள் மைக்கோடு வந்தார்கள். வேலுசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, முப்பதுகளில் இத்தாலி செய்த வண்டிகளின் வரலாறு முழுக்கச் சொன்னார். நடுவில் ஒரு கெண்டை மீனையும் சேர்த்தார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். வெங்கட்டும் தீபிகாவும் அறைகளைவிட்டு வெளியே வந்து டி.வி.யில் அப்பாவைப் பார்த்தார்கள். அவரை நேரில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஞானசேகரன் வந்தான். செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சுத்தமாகத் தேய்த்து வைத்திருந்த இரும்பைச் சுற்றி வந்தான்.

“இது வண்டியா சார்?” என்றான்.

“வண்டிதான் ஞானசேகரா.”

“இன்ஜின் கீதா?”

“நாலு சிலிண்டர். பின்னால இருக்கு.”

“கியரு?”

“முன்னால போக நாலு, ரிவர்ஸ் ஒண்ணு.”

உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க வேலுசாமியிடம் யாரும் இவ்வளவு ஒழுங்காகக் கேள்வி கேட்டதில்லை. சங்கிலியை எப்படி இறுக்குவது, கொக்கி மாட்ட எங்கே வளையம் இருக்கிறது, மொத்த எடை எவ்வளவு, எல்லாவற்றையும் தட்டிக் காட்டிச் சொன்னார். ஞானசேகரன் கேட்டுக்கொண்டே வந்தான். அவன் முகத்திலிருந்து ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போவதை வேலுசாமி பார்த்தார். அது என்னவென்று அப்போது யோசிக்கவில்லை.

“சாமின்னு நென்ச்சிகினு பயந்துட்டேன் சார்” என்றான் ஞானசேகரன். “வண்டின்னா நான் எத்தினியோ தூக்கிக்கீறேன்.”

திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். முதலில் கழற்றிய இடத்தில் மாட்டாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து முனியின் பக்கத்திலேயே நின்று மாட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகவும் வேகமாகவும் நடந்தன. ரோஷினி மேலிடத்துக்குச் சொன்னாள். மேலிடம் ஆவடியில் பழைய போர் வண்டிகளைப் புல்தரையில் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு காட்சிக்கூடத்துக்குச் சொன்னது. அவர்கள் நாலாம் நாளே ட்ரெய்லர் அனுப்பினார்கள். சர்க்கார் காப்பாற்றும் என்று வேலுசாமி சொன்னது அப்படியே பலித்தது. எந்த இடத்தில் வைத்துக் காப்பாற்றும் என்பதை அவர் யோசித்திருக்கவில்லை. இங்கேயே வைத்துக் கூரை போட முடியாதா என்று ரோஷினியிடம் கேட்டுப் பார்த்தார். “இங்க வெயில்லயும் மழையிலயும் வீணாப் போயிடும்ல சார். இவ்ளோ மதிப்புன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றாள் அவள். குத்தலே இல்லாமல், நிஜமான மரியாதையோடு சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ட்ரெய்லர் வந்த அன்று காலையில் ஜெகதாம்பாளும் வந்துவிட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் காயவில்லை. கையில் திருத்தணிப் பிரசாதப் பை. தகரக் கூரையை ஏற்கெனவே கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். மீசையில்லாமல், கண்ணில்லாமல், வேட்டியில்லாமல் நடுரோட்டில் நின்ற இரும்பில் ஞானசேகரன் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான்.

அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. “கும்பத்துல எறக்கிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. வேலுசாமிக்குப் புரிந்தது. சாமியை இடம் மாற்றுவதென்றால் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, மாவிலை சொருகி, சாமியைக் கெஞ்சிக் கூப்பிட்டு அந்தத் தண்ணீரில் இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கல்லையோ இரும்பையோ எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். செம்பு போகிற இடத்துக்குச் சாமியும் போகும். ஒரு காலைப் பொழுது பிடிக்கிற வேலை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஞானசேகரனே மாவிலை பறித்து வந்திருப்பான்.

“வண்டியை எடுக்கறதுக்குக் கும்பம் எதுக்கும்மா” என்றாள் ரோஷினி, ஆறுதலாகத் தோளைத் தொட்டு.

ஜெகதாம்பாள் வேலுசாமியின் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு அண்ணாத்தே. உள்ள ஆள் கீறப்பவே தூக்கிகினு போறாங்களே.”

ஏரி மீனைப் பொரித்து விழ வைத்த வாய் அது. எருமையைக் கொண்டு டேங்கை நிறுத்திய வாய். இறக்கிவிட்டேன் ஜெகதாம்மா, நேற்றே செம்பில் இறக்கிவிட்டேன், வீட்டில் பூஜை அலமாரியில் இருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் “அப்பறம்?” என்று கேட்டிருப்பாள்.

“நான் உள்ள பார்த்தேன், ஜெகதாம்மா” என்றார் வேலுசாமி. “யாரும் இல்ல.”

அவள் பிரசாதப் பையிலிருந்து அவருக்கென்று வாங்கி வந்திருந்த பஞ்சாமிர்த டப்பாவை எடுத்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, எலுமிச்சைக் கூடையைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜே.சி.பி. உறுமியது. முனி மூன்று டன் சொச்சமும் ஒரு குழந்தையைத் தூக்குவது மாதிரி சுலபமாக எழுந்து வந்தார். ஞானசேகரன் நல்ல வேலைக்காரன். ஒரு கீறல் விழவில்லை.

வடிகால் நேராகவே போயிற்று. அதற்கு மேல் கான்கிரீட் மூடி, அதற்கு மேல் ரோடு. லாரிகள் அந்த இடத்துக்கு வந்தால் ரொம்ப நாள் வரைக்கும் தாமாக வேகம் குறைத்துக்கொண்டிருந்தன. டிரைவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோய், ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, சும்மா தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

விஷ்ணுவை வேலுசாமி லிஃப்ட்டில் பார்ப்பார். பையன் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். மற்றொரு வண்டியை ஒட்ட ஆரம்பித்திருப்பதாகவும் வந்து பார்க்கும்படியும் கூப்பிட்டான். வருகிறேன் என்றார். போகவில்லை.

மழைக்காலம் தொடங்கியதும் ஒரு நாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஆவடி பஸ் ஏறினார். காட்சிக்கூடத்தின் புல்தரையில், பெரிய பெரிய டேங்குகளுக்குக் கடைசியில், அது நின்றது. புதுப் பெயிண்ட் அடித்து, சுற்றிச் சங்கிலி போட்டு, முன்னால் ஒரு பலகையில் பேர், ஊர், வருஷம், எடை எல்லாம் எழுதியிருந்தார்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு பையன் அதன் மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். வேலுசாமி கிட்டே போய்ப் பார்த்தார். ரிவெட் ஓரங்களில் துரு சிவப்பாகக் கசிய ஆரம்பித்திருந்தது. பையிலிருந்து சின்ன எண்ணெய் பாட்டிலை எடுத்து விரலில் தொட்டதும் காவலாளி வந்துவிட்டான். பெயிண்ட் கெட்டுவிடும், தொடக் கூடாது என்றான். இது ஒரு காலத்தில் நாலு விரற்கடை நகர்ந்தது தெரியுமா என்று வேலுசாமி ஆரம்பித்தார். மணி ஆகிவிட்டது, மூட வேண்டும் என்றான் காவலாளி.

ஜெகதாம்பாள் எங்கே போனாள் என்று வேலுசாமி விசாரிக்காத இடம் இல்லை. கடைசியில் தண்ணி லாரிக்காரன் ஒருவன் சொன்னான். பூந்தமல்லி பைபாஸில், லாரிகள் இளைப்பாற ஒதுங்குகிற மண் தரையில், புதிதாக ஒரு முனி கிளம்பியிருக்கிறார் என்று.

போனார். ஒரு புங்கமரம், தகரக் கூரை, எலுமிச்சைக் கூடை. மொட்டைத் தலையில் அரை விரல் நீளத்துக்கு நரைமுடி முளைத்திருந்த ஜெகதாம்பாள். அவளுக்குப் பின்னால் சிவப்புத் துணி போர்த்தி, மாலை போட்டு, முழங்கால் உயரத்தில் ஏதோ ஒன்று. வேலுசாமி ரோட்டைக் கடந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“அங்கியே நில்லு அண்ணாத்தே.”

நின்றார்.

“கோவம் எல்லாம் இல்ல. டீ குட்ச்சிட்டுப் போ. இந்தாண்ட மட்டும் வராத.” அவள் துணியின் ஓரத்தை இழுத்துத் தரையோடு விட்டாள். “நீ பாத்தினா இது இன்னான்னு உனக்குத் தெரிஞ்சிடும்.”

சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யலாமென்று வாயெடுத்தார். அவளுக்கு அவருடைய சத்தியங்களைத் தெரியும். எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

ஒரு கிருஷ்ணகிரி லாரி வந்து ஒதுங்கியது. டிரைவர் இறங்கிப் பழம் வாங்கினான். புது முனியை ஏற இறங்கப் பார்த்து, என்ன பேர் சாமி இது என்று கேட்டான்.

“அவுரு இன்னும் சொல்லல” என்றாள் ஜெகதாம்பாள், பழத்தை நறுக்கிக்கொண்டே.

லாரி கிளம்பியது. அது கிளப்பிய காற்றில் சிவப்புத் துணி தரையை விட்டு எழும்பியது. ஓர் அங்குலம் விளிம்பு தெரிந்தால் போதும். எந்தத் தொழிற்சாலையில் எந்த அச்சில் வார்த்தது என்றுகூட வேலுசாமியால் சொல்லிவிட முடியும். அவர் அவசரமாகப் பெஞ்சில் திரும்பி, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, டீக்கடைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். டீ ஆறிப்போகிறது என்றான் கடைக்காரன். ஆறட்டும் என்றார்.